மாமி திருப்பிவைத்த கோயில்

என் கலியாணம் ஒரு திசைகாட்டியால் நின்றுபோகப் பார்த்தது. நான் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். இவர் யாழ்ப்பாணத்துச் சைவம். இருவரும் இத்தாலியின் பலெர்மோ நகருக்குப் பிழைக்க வந்தவர்கள். நான் கால்சாப் பகுதியில் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டிலும் இவர் ஒரு உணவகத்தின் குசினியிலும் வேலை செய்துகொண்டிருந்தோம். வேதக்காரப் பெட்டையைக் கட்டுவதற்கே இவருடைய அம்மா, அதாவது மாமி, ஒருவாறு தலையாட்டிவிட்டார். மாதா கோயிலில் வைத்துக் கட்டுவதற்கும் ஓம் என்றார். ஒரே ஒரு நிபந்தனைதான். தாலி ஏறும்போது பொம்பிளையும் மாப்பிள்ளையும் கிழக்குப் பார்த்து நிற்க வேண்டும்.

இதெல்லாம் ஒரு விசயமா என்று நான் சிரித்தேன். மாமி ஒரேத்தோவிலுள்ள தன் வீட்டிலிருந்து பஸ் ஏறிக் கோயில் பார்க்க வரும்வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தக் கோயில் அல்பெர்கேரியாப் பகுதியில், சந்தையின் கடைசிக் கடைகள் முடிகிற இடத்தில் இருக்கிறது. வெளியே பார்த்தால் கோயில் என்றே சொல்லமாட்டீர்கள். மஞ்சள் கல்லில் ஒரு பெட்டி, அதன் தலையில் சிவப்பாய் ஒரு அரைப் பந்து, பந்துக்குக் குறுக்கே பக்கத்து வீட்டாரின் உடுப்புக் கொடி. மணிக்கோபுரத்தில் பாதி யுத்த காலத்துக் குண்டோடு போய்விட்டது. மீதிப் பாதியில் புறாக்கள் குடித்தனம் நடத்துகின்றன. உள்ளே நான்கு கல்தூண்கள். எங்கெங்கோ இடிந்து கிடந்தவற்றைப் பொறுக்கிவந்து நட்டதால் ஒன்றின் உயரம் மற்றதற்கு ஒவ்வாது. கட்டையான தூணுக்கு அடியில் கல்லை முண்டு கொடுத்திருக்கிறார்கள். இன்னொன்றில் அரபு எழுத்துகள் தலைகீழாக நிற்கின்றன. பல தலைமுறை கழித்து வந்தவர்களுக்கு மொட்டைச் சுவர் பிடிக்கவில்லைப் போலும், சாந்தைக் குழைத்துச் சிறகு வைத்த கொழுத்த கொழுத்த சம்மனசுகளாய்ப் பிடித்து ஒட்டிவிட்டார்கள். அதில் ஒருவருக்கு மூக்கில்லை. ஊருக்கு வந்த புதிதில், கதைக்க ஒரு ஆளில்லாமல், நான் அந்த மூக்கில்லாத சம்மனசுக்குக் கீழே இருந்துதான் அழுவேன். கட்டினால் அங்கேதான் கட்டுவேன் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

மாமி வந்த நாள் மழை இருட்டு. வாசலில் செருப்பைக் கழற்றினார். தோல் உறை போட்ட போன். டக்கென்று மூடிக்கொள்ளும் உறை. அதைத் திறந்து, திசைகாட்டியை வரவழைத்து, கற்பூரத் தட்டு ஏந்துவதுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடுக்கோயிலில் போய் நின்றார். பீடத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

"பிள்ளை, உங்கடை பீடம் மேற்கையெல்லோ இருக்கு!"

"போன் பிழையாக் காட்டுது போலை, மாமி."

"போன் பொய் சொல்லுமே? மனிசர்தான் பொய் சொல்லுவினம்."

பலெர்மோவில் எனக்குத் தெரிந்த திசைகள் கடல் பக்கம், மலைப் பக்கம், ஸ்டேஷன் பக்கம் ஆகியவைதான். மாமி செருப்பைப் போட்டார். "மேற்கைப் பாத்து நிண்டு தாலி கட்டுறதெண்டால் நான் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கிப் போய்விட்டார்.

மாமியார் வீம்பு என்றுதான் நினைத்தேன், வாயில் வந்ததெல்லாம் இவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் இவர் அந்தக் கதையைச் சொன்னார். மாமியின் கலியாணம் இடம்பெயர்ந்து போன ஊரில், ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், செல் குண்டு விழுகிற நேரத்தில் நடந்ததாம். மேளமில்லை. ஐயர் அவசரப்படுத்த, இடம் கிடைத்த பக்கம் இருந்து கட்டியிருக்கிறார்கள். கொஞ்சக் காலத்தில் மாமாவும் செத்துப்போய்விட்டார். எந்தப் பக்கம் பார்த்து இருந்தோம் என்றே தெரியாது என்று மாமி இன்றைக்கும் சொல்லுவாராம். அதைக் கேட்டபிறகு என்னால் கோபப்பட முடியவில்லை. "அம்மா வராமல் என்னாலை ஏலாது" என்றார் இவர். எனக்கும் ஏலாதுதான்.

நான் திரும்பவும் சம்மனசுக்குக் கீழே போய் இருந்தபோது பங்குச் சுவாமியார் கண்டுவிட்டார். வயதான சிசிலிக்காரப் பாதிரியார். கோயிலின் சரித்திரத்தைக் கேட்க ஆளில்லாததால், அகப்பட்டவர்களுக்கெல்லாம் அதைச் சொல்கிறவர். விளக்கு மாற்ற வந்த மின்சாரக்காரர் ஒருமுறை அரபு எழுத்தின் கதை முழுவதையும் ஏணியில் நின்றபடியே கேட்டு முடித்தார். நான் விசயத்தைச் சொன்னேன்.

"கிழக்கா? மகளே, கிழக்கு என்றால்..." என்று உற்சாகமாகத் தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "முதலில் அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா."

மாமி போனும் கையுமாக வந்தார். சுவாமியார் போனைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், நீண்ட நேரம் காதைச் சொறிந்தார். பிறகு எங்களை வாசலுக்குக் கூட்டிப்போனார். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

"சிஞ்ஞோரா சொல்வது சரி. இந்தக் கோயில் ஒருகாலத்தில் மற்றப் பக்கம் பார்த்துத்தான் இருந்தது. இந்த வளைவைப் பாருங்கள். ஒரு கதவுக்கு எதற்கு இவ்வளவு பெரிய வளைவு? பீடம் இருந்த இடம் இதுதான். கோயில் தங்களுக்கு முதுகைக் காட்டுகிறது என்று சந்தைக்காரர் குழப்பம் செய்ய, பீடத்தை அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு இங்கே வாசலை உடைத்தார்கள். ஆகவே தாலியை இந்த இடத்தில், வாசலைப் பார்த்துக் கட்டலாம். மிச்சப் பூசையை அங்கே வைப்போம்."

"பாத்தியளே, போன் சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றார் மாமி.

வீட்டுக்குப் போனால், கலியாணத்துக்கென்று ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா தொடங்கினார். "மாதாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தாலி கட்டுறதோ? நான் உயிரோடை இருக்குமட்டும் நடக்காது!" மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. சுவாமியாரிடம் அதற்கும் மருந்து இருந்தது. மாதா சுரூபத்தைத் தோளில் தூக்கும் பலகையோடு கொண்டுவந்து வாசலில் எங்களுக்கு எதிரே வைத்துவிடலாம் என்றார்.

பின்னேரம் ஐந்து மணிக்குக் கலியாணம். எங்களுக்கு முன்னால் மாதா, மாதாவுக்குப் பின்னால் திறந்த கதவு, கதவுக்கு வெளியே மீன்காரரின் பலகை. அதில் ஒரு வாள்மீன் தலை, வாளை மேலே நீட்டிக்கொண்டு, வரவேற்க வந்த தாய்மாமன் மாதிரி என்னையே பார்த்தது. கெட்டிமேளத்தை இவருடைய தோழர் போனில் ஏற்றி வைத்திருந்தார். இவர் தாலியைக் கையில் எடுக்க, ஸ்பீக்கர் செத்துப்போனது. தோழர் அதைத் தட்டினார், குலுக்கினார், ஊதிக்கூடப் பார்த்தார். மாமியின் முகம் கறுத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துச் சந்தை மாதாவைக் கண்டுகொண்டது. மாதா வாசலுக்கு வந்தால் அங்கே சுற்றுப்பிரகார ஊர்வலம் என்றுதான் அர்த்தம். "விவா மரியா!" என்று மாதாவை வாழ்த்தி மீன்காரர் தொண்டை கிழியக் கத்தினார். பழக்கடையும் மரக்கறிக்கடையும் ஒலிவ் விற்கிறவரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் தராசுத் தட்டில் அடித்தார், ஒருவர் காலிப் பெட்டியில் அடித்தார், வழி கிடைக்காத ஸ்கூட்டர்கள் எல்லாம் ஹோர்ன் அடித்தன. அந்த இரைச்சலுக்குள் இவர் என் கழுத்தில் தாலியைக் கட்டினார். வாசலால் நேரே வந்த வெயில் எங்கள் முகத்தில் அடிக்க, இருவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தோம். மாமி நெற்றிக்குக் கை மறைப்புக் கொடுத்து வெளியே பார்த்தார். பிறகு அழுதார்.

அந்தப் படத்தை மாமி சட்டம் போட்டு, இப்போது நாங்களும் குடியிருக்கிற தன் வீட்டில் மாட்டியிருக்கிறார். கூறைச் சேலையில் நான் எப்படி இருக்கிறேன் என்று பார்த்துப் பார்த்து அலுத்துப்போன பிறகு, ஒருநாள் எங்கள் சுருங்கிய கண்களைப் பார்த்தேன். பின்னேரம் ஐந்து மணி. முகத்தில் வெயில். பின்னேர வெயில் கிழக்கிலிருந்தா வரும்? மாமி குளிக்கப் போன நேரம் அவருடைய போனை எடுத்துத் திசைகாட்டியைத் திறந்து, பிறகு உறையைக் கழற்றினேன். உறையின் மூடியில் காந்தம் இருந்தது. உறை கழன்றதும் மாமி வீட்டுக் கிழக்கு வரவேற்பறையை விட்டுக் குசினிக்குக் குடிபோனது.

ஞாயிற்றுக்கிழமை சுவாமியாரைப் பிடித்தேன். "இந்தக் கோயில் எப்போது திரும்பியது?"

"கோயிலா? கட்டிய நாளிலிருந்து அசையவில்லை. பீடம் கிழக்கில்தான். அந்தக் காலத்துக் கோயில்கள் பெரும்பாலும் அப்படித்தான்."

"அந்தப் பெரிய வளைவு?"

"மாதாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும்போது தலை இடிக்கக் கூடாதே!"

சும்மா இருந்திருந்தால் நாங்கள் கிழக்குப் பார்த்தே கட்டியிருப்போம். எங்களைத் திருப்பி நிற்பாட்டி மேற்குப் பார்க்கவைத்தது மாமியின் பிடிவாதமும் இந்த மனிதரின் கதையும்தான். "பொய் சொன்னீர்களே!" என்றேன். "உண்மையைச் சொல்லத்தான் வந்தேன். அந்தப் போனோடு வாதாட என்னால் முடியாது, மகளே" என்றார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள் என்றேன். அவர் ஒரு விரலை மடித்தார். "அப்படியென்றால் எனக்கு இன்னும் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது மிச்சமிருக்கிறது."

சிரித்தேன், ஆனால் பயமாக இருந்தது. மாமிக்கு இது தெரிந்தால், தன் மகனுக்குத் தலையிடி வந்தாலும் என் தாலியைப் பார்த்துத்தான் பயப்படுவார். அதனால் யாராவது விருந்துக்கு வந்து படத்தைப் பார்த்தால் நான் தேத்தண்ணித் தட்டோடு குறுக்கே போய் நிற்பேன். பொருத்தமேயில்லாமல் ஒரு பூச்சாடியை அதற்கு முன்னால் வைத்தேன்.

ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமி நிமிராமலே கேட்டார். "பிள்ளை, ஏன் அந்தப் படத்தை நெடுக மறைச்சுக்கொண்டு திரியிறாய்? அஞ்சு மணிக்குச் சூரியன் எங்கை நிக்கும் எண்டு எனக்குத் தெரியாதே?"

"மாமி! எப்ப கண்டனீங்கள்?"

"தாலி கட்டேக்கையே."

"அப்ப ஏன் நிப்பாட்டேல்லை?"

"நிப்பாட்டினால் கொம்மா திரும்பவும் சுரூபத்தைத் தூக்கச் சொல்லியிருப்பா." வெங்காயக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு எழும்பிப் போய், பூச்சாடியை எடுத்துக் கீழே வைத்தார். படத்தைப் பார்த்தபடியே சொன்னார். "எவ்வளவு சனம் சத்தம் போட்டுது பிள்ளை. எனக்குக் கேக்காத மேளம் உங்களுக்குக் கேட்டுது. அதுக்குள்ளை நான் திசை பாக்கிறதே?"