ஹெப்ரானின் கெட்டி ரத்தம்

ஹெப்ரான் என் மனைவியின் தம்பி. சாத்தான்குளத்துக்காரன். படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. ஆனால் எந்த இயந்திரமானாலும் அவன் கை பட்டால் சொன்ன பேச்சுக் கேட்கும். குவாரி, அணைக்கட்டு என்று அலைந்துவிட்டு, கடைசியில் லடாக்கில் ரோடு போடும் ஒரு கான்ட்ராக்டரிடம் புல்டோசர் ஓட்டப் போய்ச் சேர்ந்தான். மரம்கூட முளைக்காத உயரம். தேரிக்காட்டுச் செம்மணல் வெயிலில் வளர்ந்த பயல் பனியைத் தள்ளிப் பிழைக்கிறான் என்று வீட்டில் கேலி செய்வோம்.

1996 ஈஸ்டர் முடிந்து லீவில் வந்தான். எங்கள் ஆட்கள் வெளியூர் போனால் கறுத்துத்தான் திரும்புவார்கள். இவன் முகம் சிவந்து வந்திருந்தான்.

"அங்கன என்னல திங்கே?" என்றேன்.

"பருப்பும் ரொட்டியும்தான் அத்தான். மொதல்ல நாலடி நடந்தா மூச்சு வாங்குச்சு. இப்பம் ஓடவே செய்யுதேன்."

அவன் வந்தது கல்யாணத்துக்கு. பெண் பாளையங்கோட்டை இன்பமணி, நர்சரி பள்ளிக்கூட டீச்சர், எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு ஆசை என்பது ஊருக்கே தெரியும். அவள் அப்பா நேசையா சாருக்கும் மறுப்பு இல்லை. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், எதையும் எழுத்தில் காட்டினால்தான் நம்புவார். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று குருவானவர் கேட்பார். நான் அறிந்து யாரும் வாயைத் திறந்ததில்லை. முதல் ஓலை நல்லபடியாக முடிந்தது.

அந்த வாரம் இன்பமணியின் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். ரத்தம் வேண்டும் என்றார்கள். ஹெப்ரான்தான் முந்திக்கொண்டு போனான். ஊசி குத்திச் சோதித்த ஆஸ்பத்திரிக்காரர்கள் அவன் ரத்தத்தை எடுக்கவில்லை. ஹீமோகுளோபின் இருபத்தொன்று; பதினேழுக்குமேல் போகக்கூடாதாம். அங்கிருந்த டாக்டர், இவ்வளவு கெட்டியாக இருக்கக்கூடாது, எலும்பு மஜ்ஜையில் கோளாறு, புற்றுநோய் வகையாகக்கூட இருக்கலாம் என்று நேசையா சாரிடமே சொல்லிவிட்டார். ஆள் எந்த ஊரில் வேலை பார்க்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டாவது ஞாயிறு குருவானவர் ஓலையை வாசித்து முடித்ததும் நேசையா சார் எழுந்தார்.

"எனக்கு ஆட்சேபணை இருக்கு. பையனுக்கு ரத்தத்துல வியாதி."

பெண்ணைப் பெற்றவரே எழுந்து நிற்கிறார். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெண்கள் பக்கம் இன்பமணி முகம் வெளிறி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெப்ரான் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குருவானவர் ஓலையை மடித்து வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் இன்பமணி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, இவங்கள வேற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவோம். ஒருத்தர் சொல்லிட்டா ஆச்சா?"

டவுணில் இருந்த வயதான டாக்டர் ஹெப்ரானை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முதலில் கேட்டதே வேலை பார்க்கும் ஊரைத்தான். லடாக் என்றதும் சிரித்துவிட்டார். அங்கே காற்று மெலிது. ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு குறைவு. அதனால் சிறுநீரகம் எலும்பு மஜ்ஜைக்குத் தாக்கீது அனுப்புமாம், சிவப்பணுக்களை இன்னும் கூட்டு என்று. கிடைக்கிற கொஞ்சத்தையும் சிந்தாமல் சுமக்க அத்தனை ஆள் வேண்டும். "வியாதி இல்ல. மலை போட்ட ரத்தம். இங்கன இருந்தா தன்னால எறங்கிரும்."

நேசையா சாரிடம் ஓடினோம். அவர் அசையவில்லை.

"எறங்கட்டும். எல்லாருக்கும் இருக்குத மாதிரி ஆனதுக்கு ரிப்போர்ட்டைக் காட்டுங்க. பெறவு ஓலையை வாசிக்கச் சொல்லுதேன்."

ரத்தம் இறங்குவதற்காகக் காத்திருந்தோம். வாரா வாரம் ஊசி குத்தினார்கள். பத்தொன்பதானது, பதினேழானது. சிவந்த முகம் பழைய கறுப்புக்குத் திரும்பியது. பதினைந்தரை என்று வந்த அன்று என் மனைவி கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாள். நின்ற ஓலையை முதலிலிருந்து மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும் என்றார்கள். வாசித்தார்கள். அதற்குள் லீவு தீர்ந்து, உடனே வராவிட்டால் மிஷினை வேறு ஆளிடம் கொடுப்பேன் என்று கான்ட்ராக்டரிடமிருந்து தந்தி வந்துவிட்டது. ஜூலையில் கல்யாணம் நடந்தது. அந்த வாரமே அவன் ரயிலேறினான். ஜங்ஷனில் நேசையா சார் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"இப்பம் உங்க ரத்தம் நல்லாருக்கு மாப்ள. தைரியமாப் போயிட்டு வாங்க."

அதற்கடுத்த வாரம் சவப்பெட்டியில் திரும்பி வந்தான்.

எனக்கு அழுகைகூட வரவில்லை. பனியில் இரண்டு குளிர்காலம் கிடந்தவன், காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்தறியாதவன். கூட வந்தவர் மேலப்பாளையம் காஜா முகைதீன், அதே ரோட்டு வேலையில் வெல்டர். அவர்தான் சொன்னார்.

"டெல்லியில பிளேன் ஏறி நேரா வந்துட்டான் அண்ணாச்சி. அஞ்சாறு நாள் கீழ்க் கேம்ப்ல கெடந்துட்டுப் பைய ஏறுலேன்னேன். எனக்கு மலை பழக்கம்தானேன்னு அன்னைக்கே ஜீப்புல மேல போயிட்டான். ரெண்டாம் நாளே மூச்சுத் திணறல். நுரையீரல்ல தண்ணி கோத்துட்டு. அங்கன ஜூலையிலயும் பனி விழும். பாதை அடைஞ்சுபோச்சு, கீழ எறக்க முடியல. ரெண்டு மாசத்துக்கு மேல ஊர்ல இருந்தா ரத்தம், நுரையீரல் எல்லாம் மலையை மறந்துருமாம். பழைய ஆளும் புது ஆளு மாதிரிதானாம், டாக்டர் சொன்னாரு."

நேசையா சார் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மருமகனின் ரத்தம் இறங்க வேண்டும் என்று இரண்டு மாதமாகக் குடும்ப ஜெபத்தில் முழங்கால் போட்டவர் அவர். நாங்களும் சேர்ந்துதான் ஆமென் சொன்னோம்.

இன்பமணி பெட்டியின் பக்கத்திலிருந்து எழுந்து அவர் முன்னால் வந்தாள். அழவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

"அப்பா, நீங்க வேண்டாம்னு சொன்ன அந்த ரத்தத்தோடயே அனுப்பியிருந்தா, அவங்க உயிரோட இருந்திருப்பாங்கல்லா?"