கஜுவும் பயறும், ஒரு தாயின் பாலும்

யுத்தத்தினால் அரிசி பங்கீட்டுக்குள் வந்திருந்த காலத்திலே என் மனைவிக்கு முதற்பிள்ளை பிறந்தது. ஒரு வாரம் கழிந்தும் பால் போதிய அளவு சுரக்கவில்லை. குழந்தை சப்பிச் சப்பிப் பார்த்து அழும். அவ்வழுகை நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு வந்ததே எங்களை அச்சுறுத்தியது.

எங்கள் பகுதி வழக்கப்படி மணமான ஆண் மனைவியின் வீட்டிலேயே வாழ்வான். ஆதலால் ஆரையம்பதியிலிருந்த அவ்வீட்டில் என் சொல்லுக்கு எல்லை உண்டு. அடுக்களையோ முற்றாக மாமியின் ஆட்சி. மணற்பாங்கான வீட்டு வளவெங்கும் கஜு எனப்படும் முந்திரி மரங்கள். கொட்டையைச் சுட்டு உடைத்துப் பருப்பை அரைத்து, மாமி வேளைதோறும் மகளுக்கு ஊட்டினார். நசுக்கினால் நெய் கசியும் பண்டத்தில் இல்லாத சத்து வேறெதில் உண்டு என்பது அவர் வாதம். மனைவியோ இரண்டு வாய்க்குமேல் குமட்டி, சோற்றையும் வெறுக்கலானாள்.

செய்தியறிந்த என் தமக்கை, கொக்கட்டிச்சோலையிலிருந்து தோணியேறி வந்தாள். தங்கள் வயல்வட்டையில் நெல் அறுத்தபின் விதைத்தெடுத்த பயறு அவள் கையில் முடிச்சாக இருந்தது. மாமி வாசலிலேயே மறித்தார்.

"என்ன புள்ள, என்ர மகளுக்குச் சோறு குடுக்க எனக்கு வக்கில்லையெண்டா தோணியேறி வந்தாய்?"

"அப்படியில்ல மாமி. எங்கட பக்கம் பெத்தவளுக்குப் பயறுதான்."

"பயறு வாயு. பால் குடிக்கிற புள்ளைக்கு வயிறு ஊதும். ஒண்டைக் குழியில வச்சவள் நான். இன்னொண்டுக்கு ஏலா."

வயிறு ஊதி இறந்த அவருடைய மூத்த பிள்ளையைப் பற்றி அன்றுதான் நான் அறிந்தேன்.

தமக்கையும் தளரவில்லை. "கஜுவைத் திண்டு உங்கட மகள் சத்தியெடுக்கிறாளே, அது மட்டும் நல்லமோ?"

இருவரும் என்னைப் பார்த்தனர். இரவல் வாங்கிப் படித்த சுகாதார நூல்கள் சில என் தலையில் இருந்தன. அவ்வீட்டில் அவை செல்லுபடியாகா. அவ்வேளை உள்ளே குழந்தையின் அழுகை நின்றது. மூவரும் உள்வாசலை நோக்கித் திரும்பினோம். மனைவியின் குரல்தான் வந்தது.

"புள்ள களைச்சுப்போய்க் கிடக்கு. மச்சாள், அவிச்சுத் தாங்க. அம்மா, நீங்க புள்ளையை வச்சுக்கொண்டிரிங்க."

அடுக்களைக்குள் அழைக்கப்படாத தமக்கை, முற்றத்தில் மூன்று கல் வைத்துப் பயற்றை வறுத்து, உள்ளியும் சீரகமும் இட்டுக் குழைய அவித்தாள். மனைவி கோப்பையை வழித்து உண்டாள். மாமி குழந்தையை மடியிற் கிடத்தி, அதன் வயிற்றில் வைத்த கையை மாலைவரை எடுக்கவில்லை. அது முனகும்போதெல்லாம் அவர் முகத்தை நோக்கினோம். வயிறு ஊதவில்லை.

தமக்கை தங்கினாள். சில நாளில் பால் ஊறியது. பயற்றின் புரதத்தாலா, மனைவி மீண்டும் பசித்து உண்டதாலா என அறுதியிட என்னால் இயலாது. பிடிக்குப் பிடி நிறுத்தால் கஜு கொழுப்பிலும் வலுவிலும் மேல். புரதத்தில் பயறு முந்தும். கொட்டையென நாம் கொறிக்கும் கச்சான் என்னும் நிலக்கடலையும் பயற்றினமே. எனினும் வயிறு ஏற்காத சத்து சத்தாகாது.

தமக்கை ஊர் திரும்பும் காலையில், மாமி வாசற்படலைவரை வந்து கேட்டார்:

"வறுத்துத்தான் எப்பவும் அவிப்பீங்களோ, மகள்?"

"ஓம் மாமி. வாசம் வருமட்டும். வறுத்தா வாயு போயிரும்."

"என்ர மூத்தது பிறந்த நேரம் நாங்க பச்சையா அவிச்சம்," என்றார் மாமி.

தமக்கை தோணித்துறைக்குச் செல்லாமல், தன் துணிமுடிச்சைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.