தோதாத்ரியின் வலது கை

ஓடையைக் கடக்கப் போட்டிருக்கும் மூன்றாவது கல்லின் மேல் தோதாத்ரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பின்னால் வருகிறவர்கள் கல்லில் கால் வைத்ததும் அவருடைய வலது உள்ளங்கை அவர்கள் தோளில் பட்டும் படாமலும் வந்து அமர்கிறது. அடுத்த நொடி அவர்கள் எதிர்க்கரையில் இருக்கிறார்கள். தள்ளினார் என்று யாராலும் சொல்ல முடியாது. "ஆச்சு, சேவிச்சாச்சு, ஜரகண்டி, ஜரகண்டி" என்கிறார். ஓடையில் சேவிக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறவர் தோளிலும் கை வந்துவிடும். தண்ணீரில் நாலைந்து மீன்குஞ்சுகள் ஓடுகின்றன. பார்க்கலாம் என்று குனிந்தவர்களும் கரையேறிவிடுகிறார்கள்.

புத்தூருக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கிறது நாவல்கோனை. மலையிலிருந்து விழும் அருவிக்கு, ஓடையை ஒட்டியே ஒன்றரைக் கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. நின்று நிதானித்து, மரத்தடியில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைப் பாதி வழியிலேயே தீர்த்துவிட்டுப் போனால் ஒரு மணி நேரம் ஆகும். தோதாத்ரியோடு போனால் இருபத்திரண்டு நிமிடம். திருப்பதியில் அவர் குடியிருக்கும் அடுக்ககத்திலிருந்து ஞாயிறுதோறும் வேன் வைத்துக்கொண்டு வருகிற பன்னிரண்டு பேரும் நடப்பதற்காகத்தான் வருகிறார்கள். ஆனால் யாரும் நடந்ததாக நினைவில்லை என்கிறார்கள்.

திருமலையில் சன்னதிக்கு முன்னால் நின்று கூட்டத்தை நகர்த்துவதுதான் முப்பத்தோரு வருஷம் அவர் பார்த்த உத்தியோகம். ஜரகண்டி என்றால் தெலுங்கில் நகருங்கள். மலைக்குப் போய் வந்தவர்களுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் தோளுக்கே தெரியும். அந்த வேலையைப் பற்றி யாராவது தள்ளுகிற வேலை என்று சொல்லிவிட்டால் தோதாத்ரிக்குப் பொறுக்காது. "தள்ளினா ஜனங்க முறைச்சுப்பா. பூவை ஒரு தட்டுலேர்ந்து எடுத்து இன்னொரு தட்டுல வெக்கறாப்ல வெக்கணும். வெச்சது அவாளுக்கே தெரியப்படாது" என்பார்.

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. கை ஓய்வு பெறவில்லை. வீட்டில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்களை நகர்த்திவிடுவார். மருமகன் பிரஹ்லாத் கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருப்பான், வகிடு எடுப்பதற்குள் கூடத்துக்கு வந்திருப்பான். ஒரு கல்யாண வரவேற்பில் மணமக்களோடு படம் எடுத்துக்கொள்ள மேடையேறிய பெரிய அதிகாரி ஒருவர், கையிலிருந்த பரிசைக் கொடுக்காமலே மறுபக்கம் இறங்கிவிட்டார். சர்க்கரை ஏறியிருக்கிறது, நடந்தாக வேண்டும் என்று டாக்டர் நீரஜா சொன்ன அன்று, டாக்டரையே நாற்காலியிலிருந்து எழுப்பி வாசல் வரை கொண்டுவந்து விட்டார் என்று அவர் வீட்டில் சொல்லிக்கொள்கிறார்கள். நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

போன மாதம்தான் விபரீதம் நடந்தது. நாவல்கோனை அருவி அகலமில்லை. பாறை இடுக்கில் ஒரு நேரத்துக்கு ஒருவர்தான் நிற்கலாம். கூட்டம் முண்டியடித்துக்கொண்டிருந்தது. தோதாத்ரி பாறை ஓரம் போய் நின்றார். வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது, அவ்வளவுதான், முன்பின் தெரியாத அறுபது பேர் வரிசையாகிவிட்டார்கள். ஆளுக்கு நான்கு நொடி. ஐந்தாவது ஆள் "கோவிந்தா" என்று குரல் கொடுக்க, மற்றவர்களும் கொடுத்தார்கள். புது மாப்பிள்ளை ஒருவன் அருவியில் நின்ற பெண்டாட்டியை மொபைலில் படம் பிடித்தான். பட்டனை அமுக்கிவிட்டுப் பார்த்தால் படத்தில் பங்காருபாளையத்து மாம்பழ வியாபாரி ஒருவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். குளித்துவிட்டு வந்த ஓர் அம்மாள், பாதைக்குக் காவலாக இருக்கும் கோவர்த்தனனிடம் லட்டு எந்தப் பக்கம் கொடுக்கிறார்கள் என்று கேட்டாள்.

கோவர்த்தனன் நகரிப் பக்கத்து ஆள். கழுத்தில் தொங்கிய விசிலைக் கையில் பிடித்தபடி, "இன்னா சாமி, அருவிக்குக் கூடவா லைனு? ஜனங்க கொஞ்சம் நின்னுகினு போவட்டும் உடுங்க" என்றான்.

மற்றவர்கள் சிரித்தார்கள். நடைக் குழுவைக் கூட்டிக்கொண்டு போகிற வஸுமதி சிரிக்கவில்லை. வங்கியில் மேலாளராக இருந்தவர், பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "தோதாத்ரி சார், அடுத்த தடவை அந்த வார்த்தை வாயில வந்தாலோ, கை மேல எழுந்தாலோ, அதோட நீங்க வீட்டுலயே இருந்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

தோதாத்ரிக்கு அழுகை வந்துவிட்டது, இதில் மறைக்க ஒன்றுமில்லை. முப்பத்தோரு வருஷம் லட்சம் லட்சமாக ஜனங்கள் அவர் பக்கத்தில் வந்து நின்றார்கள், ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்த்ததில்லை. எதிரே பெருமாள் இருக்கும்போது இவரை எதற்குப் பார்க்கவேண்டும்? இந்த வேனில் ஏறிய பிறகுதான் நாலு பேர் அவர் முகத்தைப் பார்த்து, சௌக்கியமா என்று கேட்கிறார்கள், புளியோதரையில் அவர் பங்கை எடுத்து வைக்கிறார்கள். அந்த வேன் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு மற்ற ஆறு நாளைப் போலத்தான்.

ஆகவே ஒரு மாதம் வேனுக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் பயிற்சி நடந்தது. வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டார், வார்த்தை வந்தால் காரம் ஞாபகப்படுத்தும். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கூடத்தில் இப்படி உலாத்திக்கொண்டிருந்தவரைப் பார்த்து அவர் மனைவி அலர்மேல், போலீஸ் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது என்றார். லீவு முடிந்து அவர் கிளம்பிய ஞாயிறு தானும் வருவதாகச் சொன்னார். அதுவரை அவர் அருவிக்கு வந்ததில்லை.

மூன்றாவது கல் வந்தது. தோதாத்ரி கிராம்பைக் கடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். பன்னிரண்டு பேரும் ஆற அமர மீன்குஞ்சு பார்த்தார்கள். இவ்வளவு நாள் ஒரு மீனைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை என்றார்கள். அவர் வலது மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கல்லைத் தாண்டி, ஓடை ஓரம் நடந்துகொண்டே வஸுமதி அலர்மேலிடம் பேச்சுக் கொடுத்தார். வீட்டுக்காரருக்குச் சன்னதியிலேயே வேலை என்றால் நினைத்தபோதெல்லாம் தரிசனம் கிடைத்திருக்குமே, கொடுத்து வைத்தவர் என்றார்.

அலர்மேல் சிரித்தார். "கல்யாணம் ஆன நாலாம் மாசம் எங்க அப்பா அம்மாவோட எல்லாரையும் போல வரிசைல போனேன். திருவடிலேர்ந்து ஆரம்பிச்சு மெதுவா மேல திருமுகம் வரைக்கும் சேவிக்கணும்னு அம்மா சொல்லியிருந்தா. முழங்காலுக்கு வரதுக்குள்ள தோள்ல ஒரு கை வந்து எடுத்து அந்தண்ட வெச்சுடுத்து. திரும்பிப் பார்த்தா இவர்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அலர்மேல் விடவில்லை. அப்புறம் எத்தனையோ தடவை போயாயிற்று, இவருக்கு டியூட்டி இல்லாத நாளில்கூடப் போயாயிற்று, ஆனால் முழங்கால் வந்தால் தன் கால் தானாக நகர்ந்துவிடுகிறது, இந்த நாள் வரைக்கும் முழுசாகச் சேவித்ததில்லை என்றார். குறையாகச் சொல்லவில்லை. சமையல் குறிப்பு சொல்வது போலத்தான் சொன்னார்.

பின்னால் வந்துகொண்டிருந்த தோதாத்ரி நின்றுவிட்டார். "நீ சொல்லவேயில்லையே" என்றார்.

"நீங்கோ பார்க்கவேயில்லையே" என்றார் அலர்மேல்.

எப்போதும் எல்லோருக்கும் முன்னால் போகிற தோதாத்ரி அன்றைக்குக் கடைசியில் வந்தார். பாதையில் கிடந்த வேரைக்கூடப் பார்க்காமல் ஒரு முறை இடறினார். கிராம்பு எப்போதோ தூளாகியிருந்தது.

முந்தின வாரம் பெய்த மழையில் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. கூட்டமும் அப்படியே. போன மாதப் பழக்கமோ என்னவோ, யாரும் சொல்லாமலே ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். கோவர்த்தனன் தோதாத்ரியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "நீங்க பூட்டாலும் உங்க லைனு கீது சாமி" என்றான். தோதாத்ரி பாறை ஓரமாகப் போய் நின்றுகொண்டார். கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன. வஸுமதியின் கண் அந்தக் கைகளின் மேலேயே இருந்தது.

அலர்மேலின் முறை வந்தது. அவர் உடனே தண்ணீருக்குள் போகவில்லை. மூக்குக் கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, அருவி வந்து விழுகிற இடத்தைக் குனிந்து பார்த்தார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வையை மேலே கொண்டுபோக ஆரம்பித்தார்.

பின்னால் தலையில் துண்டு கட்டியிருந்த பருத்த மனிதர் ஒருவருக்குப் பொறுமை போயிற்று. "ஜரகண்டி அம்மா, ஜரகண்டி" என்றார்.

அலர்மேலின் வலது கால் தானாக எழுந்து பக்கவாட்டில் நகர்ந்தது.

தோதாத்ரியின் இடது கை பிடியை விட்டது. வலது கை மேலே எழுந்தது. பன்னிரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். வஸுமதி "தோதாத்ரி சார்" என்று ஆரம்பித்தார். கை மனைவியின் தோள் வரை வந்தது, தோளைத் தொடாமல் தாண்டிப் போனது, பருத்த மனிதரின் நெஞ்சுக்கு ஒரு சாண் தள்ளி விரிந்து நின்றது.

"இருங்கோ" என்றார் தோதாத்ரி. "இன்னும் முழங்காலுக்கே வரலை."

வஸுமதி வாயை மூடிக்கொண்டார். அலர்மேல் எடுத்த காலைப் பழைய இடத்தில் வைத்து, மறுபடியும் கீழேயிருந்து ஆரம்பித்தார். வரிசை ஓடை வரை நீண்டது. யாரோ எத்தனை நேரம் என்று கேட்டார்கள். தோதாத்ரி அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாரலில் வேட்டியெல்லாம் நனைய, நீட்டிய கையை இறக்காமல் நின்றார்.