பொன்மணி ஊதாத மூச்சு

விஸ்வநத்தத்துப் பட்டாசு ஆலையில் பொன்மணிக்கு வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை. இப்போதெல்லாம் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றினாலே இளைப்பு வந்துவிடுகிறது. பேக்கிங் பக்கம் மாறிக்கொள்ளலாம், கூலி குறையும். மூச்சு நிஜமாகவே கெட்டுவிட்டதா என்று தெரிந்தால்தான் துணிவாள்.

சில வருடங்களுக்கு முன் வெளியூர் டாக்டரம்மா ஒருவர் ஆய்வுக்கென்று வந்து, பெண்களுக்கு ஆளுக்கொரு எண் போட்ட அட்டை கொடுத்துக் குழாயில் ஊதச் சொன்னார். எதற்கென்று யாருக்கும் விளங்கவில்லை. இளைப்பு இருந்தால் சீசன் நேரத்தில் கம்பெனி வேலையை விட்டு நிறுத்திவிடும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. பொன்மணிக்கு அன்று இருமல். அவள் அட்டையை வாங்கிக்கொண்டு போய், பேக்கிங்கில் இருக்கும் தோழி குருவம்மாள் ஊதிவிட்டு வந்தாள். முடியாதவளுக்கு இன்னொருத்தி கைவேலை முடித்துக் கொடுப்பது அங்கே வழக்கம். இதையும் அப்படித்தான் நினைத்தார்கள்.

விருதுநகரில் கல்லூரி படிக்கும் மகள் செல்வலட்சுமி அந்த ஆய்வுக் கட்டுரையைப் போனில் தேடிப் பிடித்தாள். சுருக்கம் மட்டும் தெரிந்தது. மீதியைப் படிக்கப் பணம் கட்டச் சொன்னது.

“நாங்க ஊதுனத நாங்க பாக்கக் காசா?” என்றாள் பொன்மணி.

“பத்திரிகைக்காரங்க பூட்டி வச்சிருக்காங்கம்மா. எழுதுனவுகளக் கேட்டா அனுப்புவாக.”

அம்மாவின் பழைய அட்டை எண்ணையும் சேர்த்து மகள் மெயில் போட்டாள். மறுவாரம் முழு ஆய்வும் வந்தது. ஊருக்குத் தமிழில் சொல்லாமல் விட்டது தன் தவறு என்று எழுதி, டாக்டரம்மா போன் நம்பரும் கொடுத்திருந்தார். மருந்து அறையில் வெகுகாலம் இருந்த பலருக்கு மூச்சின் வலு குறைந்திருந்ததாம். கடைசியில் தனியாக ஒரு வரி: ‘உங்கள் அட்டை எண்ணையும் பார்த்தேன். உங்கள் மூச்சு மிக நன்றாக இருந்தது.’

மகள் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்த குருவம்மாள் குலுங்கிச் சிரித்தாள். “பின்ன? கன்னம் வலிக்க ஊதுனேன்ல!”

பொன்மணிக்கும் சிரிப்பு வந்தது; பாதியிலேயே இருமலாக மாறியது. குருவம்மாளின் சிரிப்பு நின்றுவிட்டது. முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

“உனக்கு நல்லதுன்னுதான செஞ்சேன் பொன்மணி.”

“தெரியும்டி. ஏ லட்சுமி, அந்த நம்பரப் போடு.”

மணி அடித்தது. மறுமுனையில் குரல் கேட்டதும் பொன்மணி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“டாக்டரம்மா, பொன்மணி பேசுறேன். நீங்க எழுதுனது குருவம்மா மூச்சுங்கம்மா. என்னோடத இன்னும் யாரும் பாக்கல. எங்கன வந்து ஊதணும், சொல்லுங்க.”