தண்ணீர்ப் பக்கத்து நட்டுகள்

இது நடந்தது. என் அத்தானைத் தெரிந்தவர்களிடம் இப்படி அழுத்திச் சொல்லவே தேவையில்லை. பொய் சொன்னால் அதை ஞாபகம் வேறு வைத்துக்கொள்ள வேண்டுமே என்று அலுத்துக்கொள்கிற ஆள் அவர். உங்களுக்கு அவரைத் தெரியாது. அதனால் சொல்கிறேன், நடந்தது. கடைசியில் நானும் அங்கே நின்றேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். சாலையோரத்தில் இரும்புத் தடுப்பு மாட்டுவது அவர் வேலை. அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். ஊருக்கு வெளியே ஏரிக்கரையை ஒட்டிப் போகிற சாலையில் ஒரு வளைவு. சாலைக்கும் தண்ணீருக்கும் நடுவில் அங்கே வெறும் புல்தான் இருந்தது. தினமும் காலையில் பதினான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அக்கா அதைச் சுற்றியாக வேண்டும். "அங்க ஒரு தடுப்பு போடக் கூடாதா?" என்று வருஷக்கணக்காக அத்தானை நச்சரித்தாள். வீட்டு ஜன்னல் கொக்கியையே மாட்டாத மனிதரிடம் போய்க் கேட்கிறாயே என்று நான் கேலி செய்வேன். பாவம், அவர் கையில் என்ன இருக்கிறது? மேலே இருப்பவர்கள் சொன்னால்தான் அவர் குழி தோண்ட முடியும்.

மேலே இருப்பவர்கள் வாய் திறக்க ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. மழை நாள் ஒன்றில், மருந்துக் கம்பெனி விற்பனையாளர் ஒருவர் காரோடு வழுக்கி ஏரிக்குள் போய்விட்டார். அன்றைக்கே காரை எடுத்தார்கள், அவரையும் எடுத்தார்கள். சாலையை மூடினார்கள். தடுப்பு வேலை அத்தானின் குழுவுக்கு வந்தது. திங்கட்கிழமை காலை சாலையைத் திறந்துவிட வேண்டும் என்று உத்தரவு. முதல் வண்டியே அக்காவின் வேனாகத்தான் இருக்கும்.

இந்த வேலையில் ஒரு விஷயம் உண்டு. தகட்டை மாட்டும் போல்ட்டின் வழவழப்பான தலை சாலைப் பக்கம் இருக்கும், நட்டு தண்ணீர்ப் பக்கம் இருக்கும். மோதுகிற வண்டி எதிலும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போவதற்காக அப்படி. அந்த வளைவில் கம்பங்களுக்குப் பின்னால் கால் வைக்க இடமே கிடையாது. நேர் சரிவு, கீழே ஆழம். நட்டு முடுக்க வேண்டுமானால் அத்தான் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, தகட்டின்மேல் குப்புறக் கவிழ்ந்து, கையைக் கீழே விட வேண்டும்.

வியாழக்கிழமை காலை போய்ப் பார்த்தால், வளைவின் நடுத் தகட்டில் முந்தின நாள் மாட்டிய எட்டு நட்டுகளும் இல்லை. போல்ட்டுகள் அப்படியே இருந்தன. ஸ்பேனர் பட்ட கீறல்கூட இல்லை.

சூப்பர்வைசரை எல்லாரும் 'ஆச்சா' என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் வருகிற வார்த்தை அது ஒன்றுதான். "எவனாவது பழைய இரும்புக் கடையில போட்டிருப்பான். வேற மாட்டு. ஆச்சா?" என்றார். மாட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையிலும் எட்டும் இல்லை. அதே தகடு. இந்த முறை தகட்டின் கீழ் ஓரம் ஈரமாக இருந்தது. மழை பெய்யவில்லை. பனியென்றால் எல்லாத் தகட்டிலும் அல்லவா இருக்க வேண்டும்? இங்கே மட்டும், நாலு நாலாக, சின்னச் சின்ன ஈரப் பொட்டுகள். அத்தான் துணியால் துடைத்துவிட்டார். ஆனால் நாள் முழுக்க அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நிற்கவில்லை.

மூன்றாவது தடவையாக எட்டு நட்டுகளை மாட்டிவிட்டு, சாயங்காலம் எல்லாரும் கிளம்பிய பிறகு அவர் மட்டும் இருந்தார். திருடனைப் பிடிக்க வேண்டும். தகடு லூசாக இருந்தால் தடுப்பு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். திங்கட்கிழமை வேனில் இருக்கப்போவது அவர் மனைவி.

மணி ஆறு பத்து. இன்னும் வெளிச்சம் இருந்தது. ஏரியில் ஓர் அலைகூட இல்லை.

ஆறு இருபது.

டக்...

கல் விழுந்திருக்கும் என்று நினைத்தார்.

டக்... டக்...

நடுத் தகட்டில் உள்ளங்கையை வைத்தார். இரும்பு அதிர்ந்தது. யாரோ தட்டுகிறார்கள். தண்ணீர்ப் பக்கத்திலிருந்து. அதுவும் கீழே... முழங்கால் உயரத்தில்.

"யாருய்யா அது?"

தட்டல் நின்றது.

கயிற்றைக் கட்டிக்கொண்டு மெதுவாகக் கவிழ்ந்து பார்த்தார். சரிவில் யாரும் இல்லை. ஒரு தவளைகூட இல்லை.

ஒரு நட்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

தானாக... மெதுவாக...

இரண்டு விரலால் அதைப் பிடித்தார். அது நிற்கவில்லை. அவர் விரல்மேல் ஏதோ பட்டது. ஜில்லென்று. மெத்தென்று. சின்னதாக...

"அப்பா எந்திரிக்கவே மாட்டேங்கிறாங்க."

காதுக்குப் பக்கத்தில் இல்லை. கீழே... தண்ணீரிலிருந்து.

"கண்ணு... யாரும்மா நீ?"

நட்டு கழன்றது. விழுந்த சத்தம் வரவில்லை.

டக். டக். டக். டக்.

ஓடத்தான் நினைத்தாராம். ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு வேனும் பதினான்கு பிள்ளைகளும்தான் ஞாபகம் வந்தன. இந்தப் பக்கம் அத்தனை பேர், அந்தப் பக்கம் ஒரு குரல். ஜெனரேட்டரைப் போட்டார். வெல்டிங் மெஷினை இழுத்து வந்தார். புதிதாக ஒரு நட்டை மாட்டி, எட்டையும் போல்ட்டோடு சேர்த்து வெல்டு வைத்தார். ஒவ்வொன்றும் மூட மூடத் தட்டல் வேகமானது. "என்னை மன்னிச்சுடு கண்ணு, மன்னிச்சுடு" என்று சொல்லிக்கொண்டே, அழுதுகொண்டே வைத்தார். எட்டாவது முடிந்ததும் தட்டல் நின்றுபோனது.

மறுநாள் ஆச்சாவிடம், ஏரிக்குள் இன்னொரு முறை ஆள் இறக்கித் தேடச் சொல்லிக் கெஞ்சினார். "விழுந்தது ஒருத்தர். எடுத்தது ஒருத்தர். கணக்கு ஆச்சா?" என்றார் ஆச்சா. போலீஸ் ஸ்டேஷனிலும் சொன்னார். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, நன்றாகத் தூங்கச் சொல்லி அனுப்பினார்கள். அதற்குமேல் அவர் யாரிடம் போவார்? திங்கட்கிழமை வேன் பத்திரமாகப் போனது. அதற்குப் பிறகு அத்தான் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. எங்களிடம் எதுவும் சொல்லவும் இல்லை.

அந்தக் கோடையில் ஏரி என்றும் இல்லாத அளவுக்கு வற்றியது. நடுத் தகட்டுக்கு நேர் கீழே ஒரு காரின் கூரை தெரிந்தது. விற்பனையாளரின் கார் அல்ல. இது பழையது.

கிரேனில் தூக்க அந்தத் தகட்டைக் கழற்றியாக வேண்டும். அத்தானைத்தான் கூப்பிட்டார்கள். "நீயும் வாடா" என்று என்னை அழைத்துக்கொண்டு போனார். வழியில்தான் எல்லாவற்றையும் சொன்னார். தான் வைத்த வெல்டைத் தானே கிரைண்டரால் அறுத்தார்.

கார் ஒன்பது வருஷமாகக் கீழே கிடந்திருக்கிறது. உள்ளே ஒரு மெக்கானிக்கும் அவருடைய நாலு வயது மகளும். பெண்டாட்டியிடம் சண்டை போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கோ ஓடிவிட்டான் என்றுதான் ஊரே பேசியது. அந்த அம்மா மட்டும் அதை நம்பவில்லை. அன்றைக்கு அவரும் கரையில் நின்றிருந்தார்.

நாலு கண்ணாடியும் ஏற்றியபடி இருந்தன. கதவுகள் பூட்டியிருந்தன. போலீஸ்காரர் பின்கதவைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தார். பின்னால் குழந்தை இருக்கை. அதன் பெல்ட் போட்டபடியே இருந்தது. அங்கே சேற்றுக்குள் கையை விட்டவர், எதையோ அள்ளி எடுத்துக் குழப்பத்தோடு பார்த்தார். எங்களிடம் நீட்டினார்.

நட்டுகள். துளித் துருகூட இல்லாமல், பளபளவென்று. ஒன்றை நான் கையில் வாங்கினேன். அத்தான் பையில் இருந்த அதே சைஸ், அதே முத்திரை. எண்ணிப் பார்த்தோம். பதினேழு.

அந்த அம்மா கிட்டே வந்து போலீஸ்காரரின் கையைப் பார்த்தார். அழவில்லை.

"அவதான்" என்றார். "அவங்கப்பா கிட்டப் பழகினது. கையில எது கிடைச்சாலும் கழட்டிருவா. கழட்டி மடியில போட்டுக்குவா."

அத்தான் கிரைண்டரைத் தரையில் வைத்துவிட்டு, அறுத்த தகட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.