கைகளால் பேசிய ஆறாம் வகுப்பு

நீளமான பெஞ்சுப் பலகையின் ஒரு முனையில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினால், அந்த அதிர்வு மரத்துக்குள் ஓடி, நடுவில் உட்கார்ந்திருப்பவளின் தொடையில் போய் இறங்கும். ஆறாம் வகுப்பில் நாங்கள் சின்னப்பொண்ணை அப்படித்தான் கூப்பிடுவோம். காது கேட்காத அவள் சட்டென்று திரும்புவாள். திரும்பும்போதே புருவம் இரண்டும் மேலே ஏறி, "இன்னா?" என்று கேட்டிருக்கும்.

சங்கராபுரத்திலிருந்து மலையடிவாரத்துக்குப் போகும் சாலையில் இருந்த நடுநிலைப் பள்ளி எங்களுடையது. நிலம் வைத்திருப்பவர்களின் பிள்ளைகளும், அதே நிலத்தைக் குத்தகைக்கு ஓட்டுகிறவர்களின் பிள்ளைகளும், கரியாலூருக்கு மேலேயிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த மலைப்பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருந்தோம். உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர். அவர்களில் ஒருத்தியான நசீமா, சங்கராபுரத்துத் தையற்காரரின் மகள், என் உயிர்த்தோழி. நாங்கள் யாராவது "ஜாஸ்தி", "கம்மி" என்று பேசிவிட்டால் போதும், "அதெல்லாம் எங்க வூட்டு வார்த்தை, திருப்பிக் குடுங்க" என்று கையை நீட்டுவாள். அவள் தன் அம்மாவை "அம்மி" என்று சொன்ன முதல் நாள் வகுப்பே சிரித்தது. யாரோ மசாலா அரைப்பது போலச் செய்துகாட்ட, அவளும் சேர்ந்து சிரித்தாள்.

பள்ளி திறந்து ஒரு வாரம் கழித்துச் சின்னப்பொண்ணை அவள் அப்பா மலையிலிருந்து அழைத்து வந்து விடுதியில் சேர்த்தார். வகுப்பாசிரியை லூர்து மேரி டீச்சர் அவளை எனக்கும் நசீமாவுக்கும் நடுவில் உட்கார வைத்தார். நசீமாவின் பக்கத்து இடம் எனக்குப் பறிபோனது. அன்று மத்தியானம் வரை நான் அழுதுகொண்டிருந்தேன் என்பதையும், அழுத என் முகத்தை அவள் அக்கறையோடு பார்த்துத் தன் பாவாடை நுனியால் துடைக்க வந்தபோது கையைத் தட்டிவிட்டேன் என்பதையும் எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

மாதம் ஒருமுறை வரும் சிறப்பாசிரியர் ஒரு காதுமிஷினைக் கொண்டுவந்து மாட்டினார். அது விசிலடித்ததே தவிர அவளுக்கு ஒன்றும் கேட்டதாகத் தெரியவில்லை. கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். கரும்பலகையில் இருப்பதை அச்சடித்தது போல எழுதுவாள், எழுதியது என்னவென்று தெரியாது. அவளோடு எப்படிப் பேசுவது என்று பெரியவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோதே நாங்கள் பேசத் தொடங்கியிருந்தோம்.

முதல் சொல் முட்டை. சத்துணவில் முட்டை போடும் நாளில் அவளே கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து உருட்டிக் காட்டி, கண்ணை அகல விரித்தாள். நாங்களும் அப்படியே செய்தோம். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கணக்கு வாத்தியாருக்கு மீசை முறுக்கல், தலைமையாசிரியைக்கு மூக்குக்கண்ணாடியை ஏற்றுதல், திங்கட்கிழமைக்குக் கொடி வணக்கம், சனிக்கிழமைக்குத் தலையில் எண்ணெய் தேய்த்தல். மலைப்பிள்ளைகள் சாமைக்கு ஒரு சைகை சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று விரல்களை உரசி, கண்ணுக்குத் தெரியாத பொடி மணிகளை உதிர்க்க வேண்டும். அம்மாவுக்கு, பின்னந்தலையில் சடை பின்னுவது போல. வீட்டில் "அம்மா" என்றவளுக்கும் "அம்மி" என்றவளுக்கும் வகுப்பில் அந்த ஒரே சடைதான். இரக்கப்பட்டு நாங்கள் இதையெல்லாம் கற்றுக்கொண்டதாக நினைக்க வேண்டாம். டீச்சர் திரும்பி நின்று எழுதும்போது சத்தமில்லாமல் கதைபேச அதைப் போல வசதி வேறில்லை. தீபாவளிக்குள் மொத்த வகுப்பும் கைகளால் பேசிக்கொண்டிருந்தது. பேச்சு வராமலிருந்தது டீச்சருக்கு மட்டும்தான்.

சின்னப்பொண்ணிடம் எங்களுக்குப் புரியாத பழக்கம் ஒன்று இருந்தது. சாயங்காலம் கள்ளக்குறிச்சியிலிருந்து வரும் பஸ் எங்கள் பள்ளியைத் தாண்டி மலைக்குப் போகும். அந்த நேரத்துக்கு அவள் எங்கிருந்தாலும் வாசல் கேட்டுக்கு ஓடிவிடுவாள். இரும்புக் கம்பியில் முகத்தைப் பதித்து, ஜன்னல் ஜன்னலாகப் பார்ப்பாள். பஸ் போனபிறகு எங்களிடம் வந்து, பெரிய ஸ்டியரிங்கைத் திருப்புவது போலக் காட்டி, மூக்கின் இரண்டு பக்கமும் விரலால் தொட்டு, உள்ளங்கையை விரித்துக் கேட்பாள். அவளுக்கு மூக்குத்தி ஆசை என்றே நினைத்தோம். அடுத்த நாள் நசீமா வீட்டிலிருந்து பளபளக்கும் ஸ்டிக்கர் பொட்டு இரண்டு கொண்டுவந்து, அவள் மூக்கின் இரண்டு பக்கமும் ஒட்டிவிட்டாள். சின்னப்பொண்ணு ஒரு கணம் திகைத்தாள். பிறகு எங்கள் சந்தோஷத்தைப் பார்த்துத் தானும் சிரித்தாள். அன்று முழுக்க அந்தப் பொட்டுகளை எடுக்கவில்லை.

அந்த வருடம் ஆண்டு விழாவுக்குத் தலைமையாசிரியை ஒரு யோசனை சொன்னார். சினிமாப் பாட்டு வேண்டாம். அவரவர் வீட்டில் என்ன ஆடுகிறார்களோ, பாடுகிறார்களோ, என்ன சமைக்கிறார்களோ, அதைக் கொண்டுவர வேண்டும். பந்தலுக்கடியில் களியும் கருவாட்டுக் குழம்பும், சாமைச் சோறும், நசீமாவின் அம்மா அனுப்பிய சேமியாப் பாயசமும் ஒரே வரிசையில் இருந்தன. கும்மி அடித்தோம். மலைப்பிள்ளைகள் வட்டமாக நின்று ஆடினார்கள். லூர்து மேரி டீச்சர் தன் ஊர் மாதா கோயில் பாட்டைப் பாடினார். தாளம் கேட்காத சின்னப்பொண்ணை எதில் சேர்ப்பது என்று தெரியாமல் பெரியவர்கள் பெயர்ப் பட்டியலிலிருந்து விட்டுவிட்டிருந்தார்கள். எங்களுக்குக் கோபம் வந்தது. கடைசி நிகழ்ச்சிக்கு முன்னால் நானும் நசீமாவும் அவள் கையைப் பிடித்து மேடையில் ஏற்றிவிட்டு, கீழே வந்து நின்றுகொண்டோம்.

அவள் பயப்படவில்லை. மலைப்பாதையில் பஸ் ஏறுகிற கதையைக் கைகளால் சொன்னாள். வளைவில் எல்லோரும் ஒரு பக்கம் சாய்வது, ஒருத்தர் வாந்தி எடுப்பது, கூடையிலிருந்து கோழி தப்பித்துக் கண்டக்டரின் தலையில் உட்காருவது. அவள் கை அசைய அசைய, கீழே நின்ற எங்கள் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் அதைத் தமிழில் சொன்னது. கோழி இடத்தில் பந்தலே குலுங்கியது. கூட்டத்தின் ஓரத்தில், தோளில் துண்டோடு நின்றிருந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அது அவளுடைய அப்பா.

விழா முடிந்ததும் டீச்சரிடம் வந்தார். "இவள இட்டுக்கினு போலாம்னுதான் வந்தேன் டீச்சரம்மா. காது கேக்காத புள்ள, இங்க இருந்து இன்னா பண்ணப் போவுது, கண்ணு முன்னாடி இருந்தா போதும்னு. ஆனா இது இன்னாங்க இது? என் பொண்ணு இவ்ளோ பேசுதே. எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்களே."

அப்புறம் டீச்சரை விட்டுவிட்டு என் பக்கம் குனிந்தார். "பாப்பா, அவகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்றியா? அவ அம்மா எங்க போயிருக்கான்னு இவ நெனச்சிக்கினு கீறா? அத மட்டும் கேளு."

நான் சடை பின்னுவது போலக் காட்டி, உள்ளங்கையை விரித்தேன். சின்னப்பொண்ணு என்னை விநோதமாகப் பார்த்தாள், இத்தனை நாளாகச் சொன்னது உனக்குப் புரியவில்லையா என்பது போல. பிறகு நிதானமாக, மூக்கின் இரண்டு பக்கமும் தொட்டாள். ஸ்டியரிங்கைத் திருப்பினாள். கையைச் சரிவாக மலையிலிருந்து கீழே இறக்கினாள். கேட்டைக் காட்டினாள். வருவாள் என்று தன்னை நோக்கி விரல்களை மடக்கினாள்.

எனக்கு வயது பதினொன்று. இருந்தாலும், மூக்கின் இரண்டு பக்கமும் தொட்டு இத்தனை நாளாக அவள் கேட்டது அம்மாவைத்தான் என்று அப்போது விளங்கிவிட்டது. நசீமாவைப் பார்த்தேன். அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸுல கீழ போச்சாம். வருமாம். அதான் தினமும் கேட்டுல நிக்குது" என்றேன்.

அந்த மனிதர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "ரெண்டு மூக்குத்தி போட்டுக்கினு இருப்பா. போன வருசம் மழையில ஜொரம்னு பஸ்ஸுல ஆஸ்பத்திரிக்கு இட்டாந்தோம். வழியிலயே போய்ச் சேந்துட்டா. இவள சித்தி வூட்டுல வுட்டுட்டுத்தான் எல்லாக் காரியமும் பண்ணோம். இவளுக்கு எப்பிடிச் சொல்றது? சொல்லவே இல்ல. கீழ பள்ளிக்கூடம்னு காட்டினதும் ஓடியாந்து பஸ்ஸுல ஏறினா. படிக்க ஆசைன்னு நெனச்சேன்." துண்டை எடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "செத்துட்டான்னு சொல்லிடு பாப்பா. என்னால முடியல."

எங்கள் கைகளில் அதற்குச் சொல் இல்லை. நான் கண்ணை மூடித் தலையைச் சாய்த்தேன். தூங்குகிறாள் என்று எடுத்துக்கொண்டு சின்னப்பொண்ணு தலையாட்டினாள். நசீமா தன் துப்பட்டாவை முகம் வரை இழுத்துப் போர்த்திக் காட்டினாள். குளிருகிறதா என்று சின்னப்பொண்ணு கேட்டாள். நான் படத்துக்கு மாலை போடுவது போலக் காட்டினேன். அவள் வீட்டில் படம் இருந்திருக்காது. எங்கள் மூன்று பேரைச் சுற்றி வகுப்பே கூடிவிட்டது. ஆளுக்கொரு விதமாகக் காட்டினார்கள். ஒருத்தி கொள்ளிச்சட்டி தூக்கினாள், ஒருத்தி மார்பில் சிலுவை போட்டாள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கண்ணில் பயம் ஏறத் தொடங்கியது.

அப்போது அவள் அப்பா எங்களை விலக்கிக்கொண்டு வந்து, மகளுக்கு எதிரே மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்தார். தடித்த விரல்களால் தன் மூக்கின் இரண்டு பக்கமும் தொட்டார். கண்ணை மூடினார். பிறகு தரையை நீளவாக்கில் தடவி, இரண்டு கைகளாலும் மண்ணை அள்ளி அந்த இடத்தில் போட்டார். மறுபடி அள்ளினார், மறுபடி போட்டார். நிறுத்தத் தெரியாமல் போட்டுக்கொண்டே இருந்தார்.

சின்னப்பொண்ணு அந்தக் கைகளைப் பிடித்து நிறுத்தினாள்.

பிறகு தானும் ஒரு பிடி மண்ணை எடுத்து, அந்த இடத்தில் மெதுவாக உதிர்த்தாள். அவள் தொண்டையிலிருந்து நாங்கள் அதுவரை கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. லூர்து மேரி டீச்சர் எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். தள்ளி நின்றோம், யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அன்று சாயங்காலம் பஸ் வந்தபோது நாங்கள் எல்லோரும் கேட்டைப் பார்த்தோம். அவள் அப்பாவின் மடியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

அவர் அவளை அழைத்துப் போகவில்லை. "இவ பேசறதுக்கு இங்கதான் ஆளுங்க கீறாங்க" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுத் தனியாகத்தான் மலையேறினார். அதன் பிறகு மாதம் ஒருமுறை வந்து புங்கமரத்தடியில் உட்கார்ந்து எங்களிடம் கைப்பேச்சு கற்றுக்கொண்டார். உழுத விரல்கள் சட்டென்று மடங்காது. முட்டை என்று அவர் காட்டுவது பூசணிக்காய் அளவுக்கு இருக்கும். சின்னப்பொண்ணு அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மடக்கித் திருத்துவாள். அந்த மூன்று வருடங்களில் எங்களுக்குள் சண்டையே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். சண்டையும் கைகளால்தான் போட்டோம்.

எட்டாம் வகுப்பு முடிந்ததும் சிறப்பாசிரியரின் முயற்சியில் தூரத்து ஊரில் காதுகேளாதோர் பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்தது. நாங்கள் ஆளுக்கொரு உயர்நிலைப் பள்ளிக்குப் போனோம்.

இப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். பள்ளி இருந்த வழியாக எப்போதாவது வண்டியில் போவதுண்டு. பிள்ளைகள் குறைந்துபோய் அதை வேறு பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். பூட்டிய கேட்டுக்கு வெளியே தனியார் பள்ளி வேன்கள் மஞ்சள் மஞ்சளாக ஓடுகின்றன. எந்த வீட்டுப் பிள்ளை எந்த வேனில் போகும் என்பதை வேனைப் பார்த்தே சொல்லிவிடலாம். என் மகன் படிக்கும் வகுப்பில் மலைப்பிள்ளைகள் யாரும் இல்லை, காது கேட்காத பிள்ளையும் இல்லை. அதைப் பற்றிக் கேட்டபோது, நான் எதைக் கேட்கிறேன் என்று அவனுக்குப் புரியவும் இல்லை.

போன வருடம் நசீமா சங்கராபுரத்தில் புதுவீடு கட்டிக் குடிபோனபோது, வாட்ஸ்அப்பில் தேடிப் பிடித்து எங்கள் வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேரை வரவழைத்திருந்தாள். சின்னப்பொண்ணும் வந்தாள். கணவருக்கும் காது கேட்காது. எட்டு வயது மகளுக்குக் கேட்கும். கணவனும் மனைவியும் பேசிக்கொண்ட வேகத்தைப் பார்த்து மலைத்து நின்றேன். அது முறையாகப் படித்த மொழி, எங்கள் மீசை முறுக்கலும் எண்ணெய் தேய்த்தலும் அதில் இல்லை. அவளுக்கு இப்போது பேச ஊரெல்லாம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று மனம் நிறைந்தது. நிறைந்த மனம் கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

நானும் நசீமாவும் அவள் முன்னால் உட்கார்ந்து, நினைவிலிருந்த பழைய சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினோம். சிலவற்றுக்கு அவள் கைகொட்டிச் சிரித்தாள், சிலவற்றுக்கு உதட்டைப் பிதுக்கினாள். மழைக்கு நான் காட்டியதை நசீமா தப்பு என்றாள். எது சரியென்று தீர்த்துவைக்க அங்கே யாராலும் முடியவில்லை. எங்களையே கவனித்துக்கொண்டிருந்த அவள் கணவர் மகளின் தோளைத் தொட்டு ஏதோ கேட்டார்.

"அது எந்த ஊரு பாஷைன்னு அப்பா கேக்கறாரு ஆன்ட்டி" என்றது குழந்தை.

நான் வாயைத் திறப்பதற்குள் சின்னப்பொண்ணு அவர் பக்கம் திரும்பிவிட்டாள். நெடுநேரம், மிக வேகமாக, அவருக்குப் பதில் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக் கைகூப்பினார். என்ன சொன்னாள் என்று குழந்தையிடம் கேட்டேன். அது அம்மாவின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் மூக்கின் இரண்டு பக்கமும் தொட்டுக் காட்டி, அம்மாவின் மடியில் போய் உட்கார்ந்துகொண்டது.