காதுத் தீவுக்கு வடக்கே நான்கு கப்பல்கள்

நடந்ததைத்தான் எழுதுகிறேன். ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. எங்கள் கட்டடத்தில் யாரைக் கேட்டாலும், "அவ சொல்றதுல பாதியக் கழிச்சுக்கோ" என்பார்கள். இதில் கழிக்க ஒன்றும் இல்லை. நேரத்தைக்கூட அன்றைக்கே காலண்டரில் குறித்து வைத்தேன். இருட்டு இல்லை, மழை இல்லை, கரண்ட் கட் இல்லை. பட்டப்பகல். வியாழக்கிழமை மதியம் மூன்று ஐம்பத்திரண்டு.

மூன்றாவது மாடியில் மூன்றே வீடுகள். இடப்பக்கம் கடிகாரக்காரர். தெருமுனையில் கடிகாரம் ரிப்பேர் கடை வைத்திருந்தார். மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகள் கல்யாணமாகித் தனியாக இருக்கிறாள். வலப்பக்கம் ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார். நடுவில் நான். நடு வீட்டின் சௌகரியத்தை நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கச் சுவரும் என்னிடம் பேசும்.

இந்த இரண்டு பெரிய மனிதர்களும் கம்ப்யூட்டரில் ஒரு யுத்தம் நடத்திக்கொண்டிருந்தார்கள். பசிபிக் கடல், பழைய உலகப் போர், தீவு தீவாகப் பிடிக்கிற ஆட்டம். ஒருவர் ஆட்டத்தில் ஒரு நாளை நகர்த்த நிஜத்தில் ஒரு நாள் எடுத்துக்கொள்வார். மொத்த யுத்தமும் முடிய இன்னும் இரண்டு வருடம் ஆகும் என்று கணக்கு வாத்தியாரே கணக்குப் போட்டுச் சொன்னார்.

முதலில் ஒரே கம்ப்யூட்டரில் மாறி மாறி உட்கார்ந்துதான் ஆடினார்கள். ஒருநாள் கடிகாரக்காரர் தண்ணீர் குடிக்கப் போன நேரம், வாத்தியார் அவர் கப்பல்களை எட்டிப் பார்த்துவிட்டார் என்று சண்டை வந்தது. பேச்சு நின்றது. ஆட்டம் நிற்கவில்லை. ஆளுக்கொரு கம்ப்யூட்டர், ஆளுக்கொரு கடவுச்சொல். தன் உத்தரவுகளைப் போட்டுப் பூட்டி, பென் டிரைவில் ஏற்றி, ஒரு துணிப்பையில் போட்டு அனுப்புவார்கள். அடுத்தவர் திறந்தால் அன்றைய சண்டை படமாக ஓடும். பையைச் சுமக்க நடுநிலையான ஆள் வேண்டுமே? மூன்று வருடமாக நான்தான்.

ஒரே நிபந்தனை. "திரையப் பாக்கக் கூடாது. தப்பித்தவறிப் பாத்தாலும் வெளிய சொல்லக் கூடாது."

என்னிடம் போய்!

ஆனாலும் சொல்கிறேன், மூன்று வருடம் காப்பாற்றினேன். பார்க்காமல் இல்லை. சொல்லாமல் இருந்தேன். பார்த்துப் பார்த்து ஆட்டமே எனக்குப் பிடிபட்டுவிட்டது. தீவைப் பிடிக்கத் துருப்புக் கப்பல்கள் போகும். அவை ஆமை வேகம். யாராவது மேலிருந்து தாக்கினால் அத்தனை பேரும் கடலோடு போக வேண்டியதுதான். அதனால் விமானந்தாங்கிக் கப்பல்கள் பக்கத்தில் எங்காவது ஒளிந்து நின்று காவல் காக்க வேண்டும். எங்கே ஒளிந்திருக்கின்றன என்பதுதான் உயிர். அது தெரிந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு இருபது. கடிகாரக்காரர் மூக்குக் கண்ணாடியைத் தேடி உள்ளே போனார். திரையில், காது மாதிரி வளைந்த ஒரு தீவு. இருபத்திரண்டு துருப்புக் கப்பல்கள் அதை நோக்கி. தீவுக்கு வடக்கே, மேகத்துக்கு அடியில், நான்கு விமானந்தாங்கிகள்.

எட்டு முப்பத்தைந்து. வாத்தியார் வீடு. மனிதர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"அந்த நாலும் எங்க போய்த் தொலைஞ்சுதுன்னே தெரியலையே!"

"காதுக்கு வடக்க, மேகத்தப் போத்திக்கிட்டுத் தூங்குதுங்க சார்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது என்னவென்று எனக்கே தெரிந்தது.

அவர் சிரிக்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை. நாற்காலியைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் படம் ஓடியபோது கடிகாரக்காரர் பக்கத்தில்தான் நின்றேன். நான்கு கப்பல்களும் ஆறு நிமிடத்தில் முடிந்தன. அடுத்த மூன்று நாளில், காவல் இல்லாத அந்த இருபத்திரண்டும். அவர் கத்தியிருந்தால், என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகக் கேட்டார்.

"தேடுற விமானத்த ஏதாவது நானே மறந்துபோய் அனுப்பிட்டேனோ? அதப் பின்தொடர்ந்து வந்திருப்பாரோ? மூணு தடவ சரிபார்த்த மாதிரிதான் இருக்கு..."

"எனக்கு எப்படிண்ணா தெரியும்?"

"நீ ஒண்ணும் சொல்லலையே?"

"ஐயோ! நானா?"

நம்பிவிட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தார். கதவைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கியவர், மாடி ஏறி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார். பிரித்த கடிகாரத்தின் திருகாணிகளை எண்ணுவார், மறுபடி எண்ணுவார். ஒருநாள் படிக்கட்டில் நிறுத்தி, "தங்கச்சி, எனக்கு மறதி வந்துடுச்சா? உண்மையச் சொல்லு" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"வயசாகுதுல்லண்ணா" என்றேன்.

பன்னிரண்டாம் நாள் கடையை மூடினார். மகளிடம் அவரே கேட்டு, ஞாபகசக்திப் பரிசோதனைக்கு ஒரு டாக்டரிடம் போனார். அது அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. பரிசோதனை முடிந்து படி இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை அப்படியே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அன்று காலை வாத்தியார் கொடுத்த பையைக் கடிகாரக்காரர் வீட்டுக் கதவின் கைப்பிடியில் மாட்டியிருந்தேன். அது அங்கேயே தொங்கியது. அடுத்த வீட்டுக் கல்யாணப் பேச்சு முறிந்தால் அரை மணியில் போய் நிற்கிற நான், ஆறு நாள் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. போனால் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஏழாம் நாள். வியாழன். மூன்று ஐம்பத்திரண்டு.

இடப்பக்கச் சுவரில்...

டக். டக் டக். டக்.

மவுஸ் சத்தம். மூன்று வருடமாகக் கேட்கிற சத்தம், தப்பாக இருக்க வழியில்லை. டிஸ்சார்ஜ் ஆகி வந்துவிட்டார் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சொல்லிவிட வேண்டும், இப்போதே, தைரியம் போவதற்குள்.

வெளியே வந்தேன். கைப்பிடியில் பை இல்லை. கதவு ஒரு சாண் திறந்திருந்தது. வாசலில் அவர் செருப்பு இல்லை. செருப்பை உள்ளே கொண்டுபோகிற ஆள் இல்லை அவர்.

"அண்ணா?"

டக்.

உள்ளே போனேன். கூடத்தில் சுவர் முழுக்கக் கடிகாரங்கள், மொத்தம் பதினொன்று. அந்த வீட்டில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் தலை வலிக்கும், அத்தனை டிக் டிக். இப்போது ஒன்றுகூட ஓடவில்லை.

கோடி அறை. நாற்காலியில் அவர். முதுகு எனக்கு. அதே சாம்பல் நிறச் சட்டை. திரையின் நீல வெளிச்சம் அவர் காது மடலில் விழுந்துகொண்டிருந்தது.

"எப்பண்ணா வந்தீங்க?"

டக்.

அறை குளிர்ந்து கிடந்தது. மின்விசிறி ஓடவில்லை.

"அண்ணா... ஒண்ணு சொல்லணும். உங்களுக்கு மறதி இல்ல. நீங்க எதையும் மறக்கல. நான்தான் வாத்தியார்கிட்ட சொன்னேன். காதுக்கு வடக்கன்னு. நான்தான்."

மவுஸ் நின்றது.

அவர் திரும்பவில்லை.

திட்டுவார் என்று காத்திருந்தேன். நான்கு மணி மூன்று நிமிடம். கையில் போன் இருந்ததால் தெரியும்.

அப்புறம் அவர் பேசினார். அவர் குரல்தான். ஆனால் நாற்காலியிலிருந்து வரவில்லை... சுவரிலிருந்து வந்தது. என் வீட்டுப் பக்கச் சுவர்.

"அவரோடது எங்க?"

எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பை வாங்கும்போது வாத்தியார் திரையைப் பார்த்திருந்தேன். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

சொல்லியிருக்கக் கூடாது.

"மூணு புள்ளி மாதிரித் தீவு இருக்குல்ல... அதுக்குக் கீழ. மூணு கப்பல்."

டக்.

டக் டக்.

"சரி."

தோளுக்கு மேலாக ஒரு கை பின்னால் நீண்டது. விரல்களில் பை. வாங்கினேன்.

உள்ளே இருந்த பென் டிரைவ் பனிக்கட்டி மாதிரி இருந்தது.

ஓடவில்லை. ஓடினால் துரத்தும் என்று தோன்றியது. நடந்தேன். நான்கு பத்துக்கு வாத்தியார் வீட்டு மணியை அடித்தேன்.

"டிஸ்சார்ஜ் ஆயிட்டாரா?" என்று வாத்தியார் முகம் மலர்ந்தார். "ஆட்டத்துக்கும் வந்துட்டாரே மனுஷன்!" பென் டிரைவைச் செருகினார். படம் ஓடியது. மூன்று நாளாகச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த ஒரு நீர்மூழ்கிக் கூட்டம், திடீரென்று திரும்பி, நேராக, ஒரு வினாடி தயங்காமல், மூன்று புள்ளித் தீவுக்குக் கீழே போனது.

மூன்றும் போயின.

"எப்படி?" வாத்தியார் என் பக்கம் திரும்பினார். "நான் யார்கிட்டயும்... நீ சொன்னியா?"

இங்கே நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"நானா சார்? எனக்கு இந்தக் கப்பலெல்லாம் என்ன புரியும்?"

அவர் கம்ப்யூட்டரை அணைத்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டினார். "மூணு வருஷம் ஆச்சு. நானே போய்ப் பாக்குறேன். எட்டிப் பாத்தது நான்தான்னு சொல்லிடுறேன், போதும் இந்தச் சண்டை."

பின்னால் போனேன். நான்கு நாற்பது.

இடது வீட்டுக் கதவில் பெரிய பூட்டு தொங்கியது.

"யாரப் பாத்தே நீ?" என்றார் வாத்தியார்.

ஆறு மணிக்கு மகள் வந்தாள். கண் வீங்கியிருந்தது. அப்பாவுக்கு உடுத்த ஒரு சட்டை எடுக்க வந்திருந்தாள்.

"காலைல பதினொண்ணு முப்பத்தஞ்சுக்குப் போயிட்டாரு அத்த."

"இல்லம்மா... மத்தியானம் கம்ப்யூட்டர்ல..." என்று ஆரம்பித்தேன்.

"எந்தக் கம்ப்யூட்டர்? அதப் பாத்தாலே உடைஞ்சு போறாருன்னு ஞாயித்துக்கிழமையே எங்க வீட்டுக்குக் கொண்டுபோயிட்டோமே!"

அந்த ஞாயிறு நான் ஊரில் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தெரியாமல் அந்த வீட்டிலிருந்து ஒரு நாற்காலி இறங்கியிருக்குமா?

அவள் பூட்டைத் திறந்தாள். மூவரும் உள்ளே போனோம். கோடி அறையில் மேசை மட்டும். மேசையில் கம்ப்யூட்டர் இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல், நீள்சதுரமாக.

இதற்கு எனக்கு விளக்கம் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பத்து நாள் கழித்து, அந்த ஞாபகசக்திப் பரிசோதனையின் முடிவு வந்தது. மகள் என்னிடம் படித்துக் காட்டினாள். அறுபத்தெட்டு வயதுக்கு இவ்வளவு கூர்மையான ஞாபகத்தை டாக்டர் அரிதாகத்தான் பார்த்திருக்கிறாராம். ஒரு குறையும் இல்லை. "பாவம், அப்பாவுக்கு இது தெரியாமலே போச்சு" என்று அழுதாள். தெரியும் என்று சொல்ல வாய் திறந்தேன். எப்படித் தெரியும் என்று கேட்பாளே. மூடிக்கொண்டேன்.

வாத்தியார் இந்த மாதிரிக் கதைகள் படிக்கிறவர் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். இப்போதெல்லாம் அவர் வெளியே கிளம்பினால் அடுப்பை அணைத்தோமா என்று இரண்டு முறை திரும்பி வருகிறார். மாத்திரைகளை எண்ணுகிறார், மறுபடி எண்ணுகிறார். யாரிடமாவது உளறினேனோ என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வது வலப்பக்கச் சுவரில் எனக்குக் கேட்கிறது.

நேற்று காலை ஒன்பது ஐந்துக்கு என் கதவைத் தட்டினார்.

"நம்ம கடிகாரக்காரர் போனாரே, அந்த ஞாபகசக்தி டாக்டர்... விலாசம் இருக்கா உன்கிட்ட?"

இருந்தது. எழுதிக் கொடுத்தேன்.